உதை அமத்தவேணும்

தம்பிராசா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவலையில் அவர் இருந்த இருப்பைப் பார்த்தால், முரட்டு மாட்டின் முதுகில் ஏறிவிட்டு இறங்க வழி தெரியாமல் இருக்கிறவரைப் போலிருந்தது. தட்டில் விழுந்த பூவில் வெள்ளை பாதி, சிரட்டை பாதி. இத்தனை வருசக் குடித்தனத்தில் அந்த வீட்டுத் தேங்காய் முழுவதையும் திருவியது அவர் மனைவி செல்வநாயகிதான். இந்தக் கிழமை மட்டும் அவளுக்கு விலக்கு. அவளுக்குப் பரீட்சை.

அவள் அடுப்படி வாசலில் சப்பாணி கட்டி இருந்து படித்துக்கொண்டிருந்தாள். சோற்றுப்பானைதான் பழரசம் நிறைந்த தாங்கி. அலுமினியச் சட்டி போத்தல்கள் ஓடிவரும் பாதை. தேத்தண்ணிப் பேணிகள் போத்தல்கள். நெருப்புப்பெட்டி சிவப்புச் சுவிச்சு.

“முதலிலை கரண்டு. பிறகு காத்து. பிறகு தாங்கியைத் திறக்கிறது. பிறகு போத்தல் வரும். போத்தல் சரிஞ்சால்…”

“உதை இஞ்சாலை தாரும்,” என்றார் தம்பிராசா.

செல்வநாயகி நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

“உதில்லையப்பா. உமக்குப் பக்கத்திலை கிடக்கிற சட்டி.”

“சட்டி தர ஏலாது. இதிலைதான் போத்தல் ஓடுது.”

“அப்ப நான் பூவை என்ரை தலையிலையோ கொட்டுறது?”

“கொஞ்சம் பொறுங்கோவன். ஒரு போத்தல் சரிஞ்சுபோய்க் கிடக்குது. எடுக்காமல் ஓடவிட்டால் மெசின் பழுதாப்போம்.”

தம்பிராசா சரிந்து கிடந்த பேணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய் வாழையிலைத் துண்டொன்றைக் கிழித்து வந்து பூவை அதில் தட்டினார்.

செல்வநாயகிக்குப் பயிற்சி புதிதல்ல. தொண்டைமானாற்றில் பிறந்து, உடுப்பிட்டியில் வாழ்க்கைப்பட்டு, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போட்டு முடிப்பதற்குள், அந்தப் பக்கத்துக்கு ஜீப்பில் வந்த தொண்டு நிறுவனங்கள் எல்லாம் அவளுக்கு ஏதோ ஒன்றைப் பழக்கிவிட்டுத்தான் போயின. மெழுகுதிரி, சவர்க்காரம், காளான், கோழி, கேக்குக்குப் பூப் போடுவது, முதலுதவி, தலைமைத்துவம். தலைமைத்துவம் மட்டும் இரண்டு முறை. இரண்டாவது முறை மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலில் கோழி என்று கேள்விப்பட்டதால். காளான் பயிற்சிக்குப் பிறகு ஒரு மாரி முழுவதும் கட்டிலுக்குக் கீழே வைக்கோல் பைகள் கிடந்தன. பைகளில் ஒன்றும் முளைக்கவில்லை. தம்பிராசாவின் கல்யாணச் சப்பாத்துக்குள் முளைத்தது. முதலுதவி படித்து வந்த புதிதில், தும்மினவர்களைக்கூடச் சரித்துப் படுக்கவைத்தாள்.

“நான் பயிற்சி எடுக்காதது பிளேன் ஓட்டுறதுக்கு மட்டும்தான்,” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். எல்லாவற்றுக்கும் போனாள், எல்லாவற்றிலும் கேள்வி கேட்டாள், கடைசி நாளில் எழும்பி நன்றியுரை சொன்னதும் அவள்தான். ஆனால் அவற்றில் ஒன்றிலாவது பரீட்சை வைத்ததில்லை. இதில் வைத்தார்கள்.

உடுப்பிட்டிச் சந்தி தாண்டி இருந்த பழரசத் தொழிற்சாலையில் அவள் நிரப்புப் பகுதி. நெல்லிரசத்தைப் புனல் வைத்துப் போத்தலில் வார்த்து, காலால் மிதிக்கிற இயந்திரத்தில் மூடி அடிப்பது வேலை. மகள் ஆரணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருசம் சேர்ந்தாள். ஆரணி இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். தாய் இன்னும் மூடி அடித்துக்கொண்டிருந்தாள். மிதித்து மிதித்து வலது கால் இடது காலைவிடப் பருத்துவிட்டது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மூடி இறங்க மறுத்தால் அந்தக் காலாலேயே இயந்திரத்தின் விலாவில் ஒன்று கொடுப்பாள். இறங்கும்.

இந்த வருசம் கோயம்புத்தூரிலிருந்து புது இயந்திரம் வந்து இறங்கியது. தானே வார்க்கும், தானே மூடும். மனேச்சர் கிறகோரி எல்லாரையும் கூப்பிட்டுக் கூட்டம் வைத்தார்.

“புது ஆக்களை எடுக்கிற யோசினை இல்லை. உள்ள ஆக்களைத்தான் உயர்த்தப்போறம். கொம்பனியிலை இருந்து ஒராள் வந்து ரெண்டு கிழமை பழக்குவார். கடைசியிலை ஒரு சோதினை. தேறினால் மெசின் உங்கடை கையிலை. ஒருத்தரும் தேறாட்டி வெளியிலை ஆள் பாக்கத்தான் வேணும். நிரப்புறவை போத்தல் கழுவுற பக்கம் போகலாம்.”

நிரப்புப் பகுதியில் இருந்தது இரண்டு பேர். மற்றவள் லவீனா. அவளுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை பொருந்திவிட்டது. காதில் போனை வைத்தபடி நடந்து திரிந்தாளேயொழிய ஒன்றையும் படிக்கிற நிலையில் இல்லை. மிஞ்சியது செல்வநாயகி.

போத்தல் கழுவுவதைக் குறைந்த வேலையென்று அவள் நினைக்கவில்லை. அந்தப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தது தங்கமுத்து என்பதுதான் வில்லங்கம். தங்கமுத்து தம்பிராசாவின் அக்கா, செல்வநாயகிக்கு மச்சாள். ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிற இரண்டு பேரும் ஏழெட்டு வருசமாகக் கதைப்பதில்லை.

காரணம், ஆரணி பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டின் அல்பம். மாமி முறைக்கு ஆலாத்தி எடுத்தது தங்கமுத்து. கடும் நீலத்தில் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, விடியப்புறமே வந்து நின்று எடுத்தாள். அல்பம் வந்தபோது, ஆரணியும் தாயும் பக்கம் நிறையச் சிரிக்க, ஓரத்தில் ஆலாத்தித் தட்டும் அதைப் பிடித்த இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. பார்க்க வந்த சனம் எல்லாம், “ஆற்றை கை உது?” என்று கேட்டது. தங்கமுத்து பக்கத்துக் கதிரையில் இருந்தபடி அதைக் கேட்டாள்.

“படம் பிடிச்சவன் வெட்டிப்போட்டான் மச்சாள்,” என்றாள் செல்வநாயகி. முழுப் பொய்யல்ல. வெட்டினது அவன்தான். ஆனால் ஸ்ரூடியோக் கணினியில் ஓடவிட்ட அத்தனை படத்துக்குள் அதைத் தெரிந்தெடுத்தது அவள். அந்த ஒன்றில்தான் அவளுக்கு வாய்க்குக் கீழே ஒரு நாடி தெரிந்தது. மற்ற எல்லாவற்றிலும் இரண்டு.

“சத்தியமாச் சொல்லுறன், உங்கடை அக்காவுக்குக் கீழை நிண்டு போத்தல் கழுவ என்னாலை ஏலாது,” என்று கூட்டம் நடந்த அன்று பின்னேரம் தம்பிராசாவிடம் சொன்னாள். “அவ எனக்கு ஒரு நாளைக்கு, ‘உந்தப் போத்தல் வடிவாக் கழுவுப்படேல்லை’ எண்டு சொல்லட்டும். அண்டைக்கே நான் வேலையை விட்டிட்டு வந்திடுவன்.”

“நான் உதுக்குள்ளை வரேல்லை,” என்று தம்பிராசா மோட்டச்சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார்.

கோயம்புத்தூர்க்காரர் வந்தார். மெலிந்த இளைஞர், மிகவும் பணிவானவர். பெயரைச் சொன்னார். முதல் நாளே எல்லாரும் ‘சேர்’ என்றுவிட்டதால் அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போயிற்று. தமிழ்தானே, விளங்காமல் என்ன என்று இரண்டு பகுதியும் நினைத்தது. செல்வநாயகி முன்வரிசையில் இருந்தாள். கழுவுகிறவர்களும் பார்த்துவைக்கட்டும் என்று கிறகோரி சொல்லியிருந்ததால், தங்கமுத்து கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

முதல் இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லை. சேர் சுவிச்சுப் பலகையடியில் நின்று, “இதைப் போடுங்க, இதைத் திருப்புங்க,” என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

“பாட்டில் ஒண்ணு சாஞ்சுடுச்சுன்னு வைங்க. என்னங்க்கா பண்ணுவீங்க?”

செல்வநாயகி இருந்த இடத்திலிருந்தே, அவருக்குப் பக்கத்திலிருந்த சிவப்புச் சுவிச்சைக் காட்டினாள். “உதை!”

சேர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார். “உதைக்கவெல்லாம் கூடாதுங்க்கா.”

“உதை இல்லையோ? அப்ப எதை?”

“எதையுமே உதைக்கக் கூடாதுங்க்கா. உள்ள சென்சாரெல்லாம் இருக்கு.”

“நேத்து நீங்களும் உதைத்தானே சேர்?”

“நானா? நான் எப்பங்க்கா உதைச்சேன்?”

“என்ரை கண்ணாலை கண்டனான். மெசின் எப்பிடி நிண்டது? உதைத்தான்!”

“யாரு உதைச்சான்?” என்று சேர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

செல்வநாயகி வலது காலைக் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். இந்த மனிசன் ஏன் சும்மா சும்மா காலைப் பற்றிக் கதைக்கிறார்? பழைய இயந்திரத்துக்கு அவள் விட்ட உதைகளை யாரோ இவரிடம் கொளுத்திப்போட்டிருக்கிறார்கள். யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கமுத்து சுவரில் நின்ற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லவீனா முற்றத்தில் நின்று பிரான்சோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சேர் அவளோடு கதைக்கும்போது ஒரு கதிரையை நடுவில் வைத்துக்கொண்டார். அவள் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாலும் இயந்திரத்துக்குக் குறுக்கே கையை நீட்டினார். கடைசியில் கிறகோரியிடம் போய்ச் சொன்னார்.

“அந்த அக்கா நல்ல ஆர்வமானவங்கதாங்க. ஆனா எதைக் கேட்டாலும் உதைங்கறாங்க.”

கிறகோரி பெருமூச்சு விட்டார். பழைய இயந்திரத்தின் விலாவில் இருந்த பள்ளம் அவருக்குத் தெரியாததல்ல. “அது அவவின்ரை பழக்கம்தான். நான் சொல்லுறன்.”

சொன்னார். “செல்வநாயகி, இது கோயம்புத்தூர் மெசின். உம்முடைய வலது காலை வீட்டிலை வைச்சிட்டு வாரும்.”

“நான் இந்த மெசினுக்குக் கிட்டவும் கால் கொண்டுபோகேல்லை! ஆராவது எரிச்சல்பிடிச்சவை கோள் சொன்னால் அதுக்கு நான் என்ன செய்யிறது?” என்று அவள் கழுவுகிற பகுதிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். கழுவுகிற பகுதியில் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் ஒரு முடிவுக்கு வந்தாள். பரீட்சையன்று வாயே திறப்பதில்லை. கதைத்தால்தானே குற்றம் பிடிப்பார்கள். சேர் எதைச் சொல்லுகிறாரோ அதை மட்டும், சொன்னபடி, செய்துவிட்டு வருவது.

“நீர் வாயை மூடிக்கொண்டு இருக்கப்போறீர்?” என்று தம்பிராசா கேட்டார். “நானும் வந்து பாக்கலாமோ? எனக்கு இனி உப்பிடி ஒரு நாள் கிடைக்காது.”

பரீட்சை நாள் காலை மோட்டச்சைக்கிள் அடம்பிடித்தது. தம்பிராசா உதைத்தார், திரும்பவும் உதைத்தார்.

“உதைக்காதேங்கோ! விடியக்காலையிலை எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே விசராக் கிடக்குது.”

“உதைக்காமல் இது பஸ் மாதிரித் தானாய் ஓடுமோ? அப்ப நடவும்.”

நடந்தாள். வழியெல்லாம் வாய்க்குள், கரண்டு, காத்து, தாங்கி, போத்தல் என்று சொல்லிக்கொண்டே போனாள். சந்தியில் யாரோ, “செல்வியக்கா, தூரமோ போறியள்?” என்று கேட்டதற்கு, “போத்தல்,” என்றாள்.

பரீட்சையில் இடம் மாறியது. இப்போது சுவிச்சுப் பலகையடியில் நின்றது செல்வநாயகி. சேர் இயந்திரத்துக்கு எதிர்ப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாசலில் கிறகோரி. வாசலுக்கு வெளியே, தும்புத்தடியும் வாளியுமாக, தான் வேலையாக நிற்பதாகக் காட்டிக்கொண்டு தங்கமுத்து.

கரண்டு போட்டாள். காற்றுத் திறந்தாள். தாங்கி திறந்தாள். போத்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வந்து, ரசம் வாங்கி, தொப்பி போட்டுக்கொண்டு போயின. செல்வநாயகி வாயே திறக்கவில்லை. சேரின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் வேண்டுமென்றே ஒரு போத்தலை விரலால் தட்டிச் சரித்தார். பின்னால் வந்தவை முட்டி நெரிந்தன.

“அக்கா,” என்றார் சேர் பதற்றமில்லாமல், அவள் கையடியிலிருந்த சிவப்பை நாடியால் காட்டி, “அதை அழுத்துங்க.”

செல்வநாயகியின் கை சிவப்புக்கு மேலே போய் நின்றது. அவளது மூளை வேலை செய்தது. தன் கையடியில் இருப்பதைச் சேர் சொல்லியிருந்தால் ‘உதை’ என்றல்லவா சொல்லியிருப்பார். எதிரில் நிற்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதை உது என்றுதான் அவள் பிறந்த நாளிலிருந்து கேட்ட சனம் எல்லாம் சொல்லும். ‘அது’ என்றால் அவருக்கும் கிட்ட இல்லை, தனக்கும் கிட்ட இல்லை. இரண்டு பேருக்கும் எட்டத்தில் இருக்கிறது. எட்டத்தில் ஒரேயொரு சுவிச்சுத்தான் இருந்தது. தாங்கிக்குப் பின்னால், சுவரில், மஞ்சள். இன்றைக்கு அவர் சொன்னதை மட்டும், சொன்னபடி.

சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மஞ்சளை அமத்தினாள்.

அது வேலை முடிந்தபிறகு தாங்கியைக் கழுவுவதற்கான சுவிச்சு. தாங்கியின் அடி திறந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சி வடித்த நெல்லிரசம் முழுவதும் நிலத்தில் இறங்கி, ஆறுதலாக, அறையின் நாலு மூலையையும் பார்க்கப் புறப்பட்டது. “நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!” என்று ஓடிவந்த கிறகோரி நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டே போய்ச் சேரைக் கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்சத் தூரம் போனார்கள்.

“பக்கத்துல இருந்த பட்டனை விட்டுட்டு ஏங்க்கா அங்க ஓடுனீங்க?” சேருக்கு அழுகை வராத குறை.

“நீங்கள் ‘அதை’ எண்டியளே சேர்! உதையெண்டால் உதை எண்டெல்லோ சொல்லவேணும்!”

“பாருங்க சார், இவ்ளோ ஆனப்புறமும் உதைங்கறாங்க!”

“உம்மாலை மெசின் ஓட்ட ஏலாது,” என்றார் கிறகோரி, சேரின் தோளை விடாமல். “நாளைக்கு நான் வெளியிலை ஆள் பாக்கிறன். நீர் கழுவுற பக்கம் போம்.”

எல்லாப் பயிற்சியிலும் கடைசியில் நன்றியுரை சொன்ன செல்வநாயகி இப்போது குனிந்து சீலைக் கரையைப் பிழிந்தாள். கால் விரல்களுக்கிடையே ரசம் குளிர்ந்தது.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது தங்கமுத்துவின் குரல்தான். ஆனால் தமிழ் தங்கமுத்துவின் தமிழ் இல்லை.

“தம்பி, அவங்க யாரையும் உதைக்கறேன்னு சொல்லலைங்க. உங்க பக்கத்துல ஒண்ணு இருந்தா அதை நாங்க உதுன்னு சொல்லுவோம். உதைன்னா, உங்ககிட்ட இருக்கறதைன்னு அர்த்தம். உங்க ஊர்ல இது, அது, ரெண்டே ரெண்டு. எங்களுக்கு நடுவுல இன்னொண்ணு இருக்குதுங்க.”

பின்னேரத்திலிருந்து படுக்கும்வரை தங்கமுத்துவின் வீட்டு ரிவியில் ஓடுகிற இந்திய நாடகங்கள் ஒன்றும் வீண்போகவில்லை. சேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கிறகோரி இரண்டு தரம் ‘உதை, உதை’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார்.

“ஏன் சொல்லுறனெண்டால்,” என்று தங்கமுத்து தன் சொந்தத் தமிழுக்குத் திரும்பி, கிறகோரிக்கு மட்டும் சொன்னாள், “இன்னொருக்கால் உப்பிடி ஊத்துப்பட்டால் அள்ளிக் கழுவ எனக்கு இடுப்பு இல்லை.”

நிலம் காய்ந்ததும் திரும்பவும் பரீட்சை வைத்தார்கள். தாங்கியில் தண்ணீரை நிரப்பினார்கள். போத்தல் சரிந்தது. சேர் மூச்சை இழுத்து, வேற்றுமொழி பேசுகிறவர்போல, “அக்கா, உ…தை அழுத்துங்க,” என்றார். செல்வநாயகி சிவப்பை அமத்தினாள். இயந்திரம் நின்றது. அன்று வீட்டுக்குப் போகும்போது சீலையில் ஊறிய ரசத்துக்கு எறும்புகள் வீட்டு ஒழுங்கைவரை கூட வந்தன. “ஊர்வலமோ?” என்று தம்பிராசா கேட்டார். “தேறிட்டன்,” என்றாள் அவள், கிணற்றடிக்குப் போய்க்கொண்டே.

ஆனால் கிறகோரி ஒரு வேலை செய்தார். சேர் ஊருக்குப் போனபிறகும், ஏதும் சந்தேகமென்றால் கோயம்புத்தூருக்குப் போன் எடுத்துக் கேட்கலாம் என்று ஏற்பாடு. திரும்பவும் ஒரு தாங்கி ரசத்தை நிலத்துக்குக் கொடுக்க அவர் தயாரில்லை. அதனால் போனில் கதைக்கிற பொறுப்பைத் தங்கமுத்துவிடம் கொடுத்தார். மெசின் செல்வநாயகியின் கையில். என்ன செய்யவேண்டும் என்று சொல்லுகிற வாய் தங்கமுத்துவின் வாய்.

தங்கமுத்து அறைக்குள் வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவருக்குச் சொல்லுவாள். “காத்தைக் கொஞ்சம் குறைக்கட்டாம்.” செல்வநாயகி காற்றைக் குறைத்துவிட்டு, போத்தலுக்குச் சொல்லுவாள். “குறைச்சாச்சு.” தங்கமுத்து போனுக்கு, “குறைச்சுட்டாங்க தம்பி,” என்பாள். இப்படியே ஒரு மாதம் நெல்லிரசம் ஒழுங்காகப் போத்தலுக்குள் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், போன் லைன் நடுவில் வெட்டுப்பட்ட நேரம் பார்த்து, போத்தலொன்று உடைந்து பாதையை அடைத்தது. பின்னால் வந்தவை ஏறி விழத் தொடங்கின. செல்வநாயகி கண்ணாடித்துண்டைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றாள். சுவருக்குச் சொல்ல நேரமில்லை.

“என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உதை அமத்து!” என்று கத்தினாள் தங்கமுத்து.

அமத்தினாள். எல்லாம் நின்றது. ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு வந்த முதற்சொல் அது; அதுவும் ‘டி’யோடு. இரண்டு பேரும் கண்ணாடித்துண்டுகளைப் பொறுக்கி வாளிக்குள் போட்டார்கள். செல்வநாயகிக்கு வாய் துறுதுறுத்தது. இத்தனை நாளாகத் தேங்காய் திருவும்போதும், படுக்கும்போதும், மோட்டச்சைக்கிளில் பின்னால் இருந்து போகும்போதும் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வி ஒன்று இருந்தது.

“மச்சாள்,” என்றாள். “உங்களுக்கு அந்த மூண்டாம் நாளே விளங்கிட்டுதுதானே? நான் உதையெண்டது என்னெண்டும், அந்தப் பொடியன் என்னத்தை நினைச்சவனெண்டும். ரெண்டு கிழமையும் கடைசி வரிசையிலை இருந்து எல்லாம் கேட்டனீங்கள். அப்பவே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

தங்கமுத்து போனை மேசையில் வைத்தாள். ஈரமான இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே, ஆலாத்தித் தட்டொன்றைப் பிடிக்கிற அளவு இடைவெளியில் உயர்த்தி, யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்க்கிறதுபோல ஆறுதலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீலைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.